விளையாட்டு விழாவும் விருந்தினர் வருகையும்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் மலேசிய அரசாங்கம் ஒரு முடிவை வெளியிட்டது. 2026ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுப் பந்தயங்களை நடத்த வருமாறு வந்த அழைப்பை நாடு ஏற்கவில்லை என்பதே அம்முடிவு. அப்பந்தயங்களை முதலில் ஏற்றிருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு கைமீறிப் போகிறதென்று கூறி 2023ஆம் ஆண்டு ஜூலையில் விலகிக்கொண்டது. அதனால் பந்தயங்கள் இடமின்றி நின்றன. எடுத்து நடத்தும் நாட்டுக்குப் 10 கோடி பவுன் உதவித் தொகை தருவதாகவும் காமன்வெல்த் விளையாட்டுச் சம்மேளனம் சொல்லிற்று. அப்படியிருந்தும், காலமும் போதாது, அத்தொகையும் போதாது என்று நம் அமைச்சரவை கருதிற்று.

இத்தகைய முடிவு வரும்போதெல்லாம் மக்கள் இரு கூறாகப் பிரிந்து வாதிடுவது இயல்பு. "வலிய வந்த சீதேவியைக் காலால் உதைக்கலாமா? உலகமே திரண்டு வருமே, விடுதிகள் நிறையுமே, கடைக்காரன் முதல் வாடகைக் கார் ஓட்டுநர் வரை நாலு காசு பார்ப்பார்களே" என்பது ஒரு சாராரின் வாதம். "பதினைந்து நாள் கூத்துக்குப் பல ஆண்டுக் கடனா?" என்பது மற்றொரு சாராரின் வாதம்.

இரண்டுமே உரத்த குரலில் சொல்லப்படுகின்றன. ஆனால் உண்மை குரலின் உரத்தைப் பொறுத்ததன்று. பெரும் விளையாட்டு விழா ஒன்றை நடத்தினால் ஒரு நகரத்துக்குச் சுற்றுப்பயணிகள் மிகுதியாக வருவார்களா? வந்தால் எப்போது வருவார்கள்? எவ்வளவு காலம் வருவார்கள்? அதனால் நகரமக்கள் அடையும் நன்மை யாது? இவ்வினாக்களுக்கு விழா நடத்திப் பார்த்த நகரங்களின் அனுபவமே விடை தரவேண்டும். அவ்விடையை இக்கட்டுரையில் காண்போம்.

மூன்று பருவங்கள்

முதலில் ஒரு தெளிவு வேண்டும். விழாவினால் வரும் பயணிகளைப் பற்றிப் பேசுவோர் மூன்று வேறு காலங்களை ஒன்றாகக் கலந்துவிடுகின்றனர். விழாவுக்கு முன் உள்ள ஆயத்த ஆண்டுகள் ஒன்று. விழா நடைபெறும் சில நாட்கள் மற்றொன்று. விழா முடிந்த பின் வரும் நீண்ட ஆண்டுகள் மூன்றாவது.

இம்மூன்றும் நெல் வயலின் உழவு, நடவு, அறுவடை போன்றவை என்று எண்ணலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வயலில் அறுவடை எப்போது வரும் என்பது உழவனுக்குத் தெரியும். விளையாட்டு விழாவிலோ, பலர் நடவையே அறுவடை என்று எண்ணி ஏமாறுகின்றனர். பந்தயம் நடக்கும் பதினைந்து நாட்களில்தான் பணம் கொட்டும் என்று நம்பி, கடைக்காரர் சரக்கை வாங்கிக் குவிக்கிறார். விடுதிக்காரர் வாடகையை உயர்த்துகிறார். அந்த நாட்களில் உண்மையில் நடப்பது என்ன?

விழா நாட்களில் நடப்பது

2012ஆம் ஆண்டு ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 12 வரை லண்டன் மாநகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. லண்டன் வழக்கமாகவே பயணிகள் நிறைந்த ஊர். அங்கு உலகப் பெருவிழா நடந்தால் தெருவில் கால்வைக்க இடமிராது என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். அதிகாரிகளும் அவ்வாறே அஞ்சினர். இரயில் நிலையங்களில் மேயரின் குரலையே பதிவு செய்து, நெரிசல் வருகிறது, பயணத்தை மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள் என்று ஒலிபரப்பினர்.

மக்கள் அவ்வெச்சரிக்கையை நம்பினர். அளவுக்கு மீறியே நம்பினர். நகரத்தின் நடுப்பகுதியில் உள்ள நாடக அரங்குகளும் பொருட்காட்சிச் சாலைகளும் கடைகளும் வெறிச்சோடின. வாடகைக் கார் ஓட்டுநர்கள் பிழைப்புக் கெட்டது என்று முறையிட்டனர். அந்த ஆகஸ்டு மாதத்தில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டார் தொகை, முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 5 குறைந்தது என்று அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகம் கணக்கிட்டது. வந்தவர்கள் தாராளமாகச் செலவு செய்தனர் என்பது உண்மை. ஆயினும், தலை எண்ணிக்கை கூடவில்லை, குறைந்தது.

2008ஆம் ஆண்டு ஒலிம்பிக் நடத்திய பெய்ஜிங் நகரத்திலும் இதுவே நிகழ்ந்தது. பாதுகாப்புக் கருதிச் சீன அரசாங்கம் விசா விதிகளை இறுக்கிற்று. அவ்வாண்டு அந்நகருக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் முந்திய ஆண்டைவிடக் குறைவே.

இஃது ஏன்? நம் தோட்டங்களில் நடைபெறும் தீமிதித் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். விழா நாளன்று கோயிலில் பெருங்கூட்டம். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் உறவினர் வருவர். ஆனால் வெள்ளிதோறும் தவறாமல் விளக்கேற்ற வரும் பாட்டி அன்று வரமாட்டார். நெரிசலுக்கு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுவார். புதிதாக வந்தவர்களை எண்ணுகிற நாம், வராமற்போன பாட்டியை எண்ணுவதில்லை. நகரங்களிலும் இப்படித்தான். விளையாட்டைக் காண வருவோர் உள்ளே வர, வழக்கமாக வருவோர் வெளியே தங்கிவிடுகின்றனர்.

இதை ஐந்தாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய ஒரு கணக்காலே விளக்கலாம். ஒரு விடுதியில் 100 அறைகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக 80 அறைகளில் ஆள் இருக்கும். விழாக் காலத்தில் 90 அறைகள் நிறைகின்றன. அவற்றுள் 40 அறைகளில் இருப்போர் விளையாட்டைக் காண வந்தவர்கள். உடனே, "விழாவினால் எங்களுக்கு 40 அறை வியாபாரம்" என்று அறிக்கை வரும். அது சரியன்று. மிச்சமுள்ள 50 அறைகளில்தான் வழக்கமான விருந்தினர் இருக்கின்றனர். அதாவது 30 அறைக்காரர்கள் வராமல் நின்றுவிட்டனர். ஆகவே உண்மையான ஆதாயம் 40 அன்று, 10 மட்டுமே.

அறை வாடகை 200 வெள்ளியிலிருந்து 300 வெள்ளிக்கு உயர்ந்தால், விடுதி முதலாளிக்கு ஓர் இரவில் 16,000 வெள்ளிக்குப் பதிலாக 27,000 வெள்ளி கிடைக்கும். அவருக்கு இலாபந்தான். ஆனால் வராமல் நின்ற அந்த 30 அறைக்காரர்கள் வந்திருந்தால், ஊர் சுற்றிப் பார்த்திருப்பார்கள். பாத்திக் துணி வாங்கியிருப்பார்கள். சந்தைக் கடையில் சாப்பிட்டிருப்பார்கள். விளையாட்டு இரசிகரோ பகலெல்லாம் அரங்கத்தில் இருக்கிறார்; அங்கே விற்பதை உண்கிறார்; இரவில் வந்து உறங்குகிறார். விடுதி முதலாளியின் பை நிறைவதும் தெருக்கடைக்காரரின் பை மெலிவதும் ஒரே வாரத்தில் நடக்கக்கூடும். அந்த விடுதி வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சொந்தமானால், கூடிய இலாபத்தில் பெரும்பங்கு ஊரிலேயே தங்குவதில்லை.

ஆகவே, விழா நாட்களின் வருவாயைக் கொண்டு விழாவின் செலவை ஈடுகட்டலாம் என்பது பெரும்பாலும் நிறைவேறாத கனவு. அப்படியானால் பெரும் விழாக்களால் சுற்றுப்பயணத் துறைக்கு நன்மையே இல்லையா? உண்டு. அது விழாவுக்குப் பின் வருகிறது; சில நகரங்களுக்கு மட்டும் வருகிறது. அத்தகைய நகரங்களுள் தலையாயது ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா.

பார்சிலோனா கண்ட மாற்றம்

இன்று பார்சிலோனா என்றால் கடற்கரையும் காடியின் கட்டடங்களும் உலகத்தார் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அதன் நிலை வேறு. அது ஒரு தொழில் நகரம், துறைமுக நகரம். ஸ்பெயினுக்கு வந்த பயணிகளிற் பெரும்பாலோர் வெயில் காயக் கடலோரச் சிற்றூர்களுக்குச் சென்றனரேயன்றி, இந்நகரத்தில் தங்க வந்தாரல்லர். கடலை ஒட்டிய நகரமாயிருந்தும், நகரமக்கள் கடலைக் காண முடியாதிருந்தது. போபிளனோ என்னும் பகுதியில் பழைய தொழிற்சாலைகளும் கிடங்குகளும் இரயில் தண்டவாளங்களும் கடலுக்கும் ஊருக்கும் இடையே மதில்போல் கிடந்தன. கழிவுநீர் கடலிற் கலந்தது. சர்வாதிகாரி பிராங்கோ 1975ஆம் ஆண்டு மறையும் வரை, அந்நகரின் பொதுவசதிகளில் போதிய கவனம் செலுத்தப்படவில்லை.

1986ஆம் ஆண்டு அக்டோபரில், 1992ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்களை நடத்தும் உரிமை பார்சிலோனாவுக்குக் கிடைத்தது. அப்போது பாஸ்குவால் மராகால் என்பவர் மேயராயிருந்தார். அவரும் அவருடைய நகரமைப்பு வல்லுநரும் கேட்ட கேள்வி, "விளையாட்டுக்கு என்ன கட்டலாம்?" என்பதன்று, "இந்த வாய்ப்பைக் கொண்டு ஊருக்கு என்ன செய்துகொள்ளலாம்?" என்பதே. இவ்விரு கேள்விகளுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

போபிளனோவில் இருந்த தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. பழுதடைந்த தொழிற்சாலைப் பகுதியில் விளையாட்டு வீரர் தங்கும் குடியிருப்பு எழுந்தது. விழா முடிந்ததும் அது மக்கள் வாழும் வீடுகளாயிற்று. மணல் கொட்டிப் புதிய கடற்கரை அமைத்தனர். வடிகால்களைச் சீர்செய்து, கடல் நீரைக் குளிப்பதற்கு ஏற்றதாக்கினர். நகரைச் சுற்றிச் சாலை போட்டு, ஊருக்குள் புகுந்து நெரித்த வண்டிகளை வெளியே திருப்பிவிட்டனர். விமான நிலையத்தை விரிவாக்கினர். பெருவிளையாட்டரங்கம் மட்டும் புதிதாகக் கட்டப்பட்டதன்று. மோன்ஜூயிக் மலையில் 1929ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காக எழுப்பிய பழைய அரங்கத்தையே புதுப்பித்துக்கொண்டனர். மொத்த முதலீட்டில் விளையாட்டரங்குகளுக்குச் சென்ற பங்கு பத்தில் ஒன்றை ஒட்டியே இருந்தது. மற்றவை சாலை, வீடு, கடற்கரை, தொலைபேசி ஆகியவற்றுக்கும் இவை போன்றவற்றுக்கும் சென்றன.

பயன் என்ன? 1990ஆம் ஆண்டு பார்சிலோனா விடுதிகளில் தங்கிய பயணிகள் ஏறத்தாழ 17 இலட்சம் பேர். 2000ஆம் ஆண்டு அத்தொகை ஏறத்தாழ 31 இலட்சம். அவர்கள் தங்கிய இரவுகளின் எண்ணிக்கை 38 இலட்சத்திலிருந்து 78 இலட்சத்துக்கு உயர்ந்தது. பத்தாண்டில் இரட்டிப்பு! முன்பு வியாபார வேலையாக வந்து போனவர்களே மிகுதி. பின்னர், ஊரைப் பார்ப்பதற்கென்றே வருவோர் பெருகினர்.

மாற்றத்துக்குக் காரணம் யாது?

இங்கே நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, விழா நடந்தது, பயணிகள் வந்தனர், ஆகவே விழாவினால்தான் வந்தனர் என்று முடிவு கட்டலாகாது. அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. மலிவுக் கட்டண விமானங்கள் பறக்கத் தொடங்கின. வார இறுதியில் இரண்டு நாள் வேற்று நகரம் சென்று வரும் பழக்கம் அங்கு வேரூன்றியது. இவை எல்லா நகரங்களுக்கும் பொதுவான காற்று. பார்சிலோனா தன் பாயை விரித்து வைத்திருந்ததால் அக்காற்று அதனை முன்தள்ளிற்று என்று கூறுவதே பொருந்தும்.

அந்தப் பாய் எது? மூன்று இழைகளால் ஆனது அது.

முதல் இழை, மறைந்திருந்த பொருள். காடி என்னும் கட்டடக் கலைஞரின் படைப்புகள், பழைய கோட்டைத் தெருக்கள், மலை, கடல் எல்லாம் அங்கே முன்பே இருந்தன, உலகம்தான் அறியாதிருந்தது. 1992ஆம் ஆண்டு மலைமேல் அமைந்த குளத்தில் நீர்ப்பாய்ச்சல் போட்டி நடந்தபோது, பாய்கின்ற வீரருக்குப் பின்னே நகரம் முழுவதும் விரிந்து கிடந்தது. அக்காட்சியைத் தொலைக்காட்சி வழியாகக் கோடிக்கணக்கானோர் கண்டனர். எத்தனை விளம்பரம் செய்தாலும் கிடைக்காத அறிமுகம் அது.

இரண்டாவது இழை, வந்தவருக்கு வேண்டிய வசதி. படத்தைப் பார்த்து வருகிறவர் தங்குவதற்கு அறையும், இறங்குவதற்கு விமான நிலையமும், நடப்பதற்குக் கடற்கரையும் இருந்தன. பத்தாண்டுக் காலத்தில் அந்நகர விடுதிகளின் படுக்கைகள் ஏறத்தாழ 18,500 என்பதிலிருந்து 31,000க்கு மேல் உயர்ந்தன.

மூன்றாவது இழை, விழாவுக்குப் பின் செய்த உழைப்பு. இதைப் பலர் கவனிப்பதில்லை. விழா முடிந்த மறு ஆண்டே பார்சிலோனாவின் விடுதிகளில் அறைகள் காலியாகக் கிடந்தன. புதிதாகக் கட்டிய அறைகள் பல. விழாக் கூட்டமோ கலைந்துவிட்டது. அப்போது நகரமன்றத்தார் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. வர்த்தக சங்கத்தோடு கூடி, 1993ஆம் ஆண்டில் சுற்றுப்பயணத்துக்கென்று ஒரு கூட்டு அமைப்பை ஏற்படுத்தினர். விழாவில் கிடைத்த பெயரை ஆண்டுதோறும் விருந்தினராக மாற்றியது அவ்வமைப்பின் இடைவிடாத முயற்சியே. விளக்கை ஏற்றுவது ஒரு நாள் வேலை. எண்ணெய் வார்ப்பது நாள்தோறும் செய்யவேண்டிய வேலை அன்றோ?

கடன் சுமந்த நகரங்கள்

பார்சிலோனாவைக் காட்டித்தான் பல நகரங்கள் தம் மக்களிடம் ஒப்புதல் கேட்கின்றன. ஆனால் மற்ற உதாரணங்களையும் மாணவர்க்குச் சொல்வது ஆசிரியர் கடமை.

கனடாவின் மாண்ட்ரியல் நகரம் 1976ஆம் ஆண்டு ஒலிம்பிக் நடத்திற்று. ஆண்மகன் பிள்ளை பெற்றாலும் பெறலாம், ஒலிம்பிக்கில் நட்டம் வராது என்ற கருத்தில் அந்நகர மேயர் ழான் டிராப்போ பேசினார். நட்டம் வந்தது. அரங்கத்தின் கட்டுமானம் இழுத்துக்கொண்டே போனது. விழா தொடங்கியபோதும் அதன் கோபுரம் முடிந்தபாடில்லை. ஏறத்தாழ 150 கோடி கனடிய டாலர் கடனை அம்மக்கள் 30 ஆண்டு காலம், 2006ஆம் ஆண்டு வரை, கட்டித் தீர்த்தனர்.

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் 2004ஆம் ஆண்டு நடத்திற்று. ஒலிம்பிக் பிறந்த நாடு அது. விழாவுக்காகக் கட்டிய அரங்குகளில் பல, பின்னர் கவனிப்பாரற்றுப் புல் முளைத்துக் கிடந்தன. கிரேக்கர் பலரும் ஆடாத விளையாட்டுகளுக்கென்று நிலையான அரங்குகளை எழுப்பினால் வேறென்ன ஆகும்? ஆனால் அதே காலத்தில் அமைந்த புதிய விமான நிலையமும் சுரங்க இரயிலும் இன்றும் பயணிகளுக்கும் நகரமக்களுக்கும் பயன்படுகின்றன. ஒரே நகரம், ஒரே விழா. ஆனால் பயன் இருவகை. ஊருக்குத் தேவையானதைக் கட்டியது நிலைத்தது. விழாவுக்கு மட்டும் கட்டியது பாழாயிற்று.

லண்டனைப் பற்றி இன்னும் ஒரு சொல். 2013ஆம் ஆண்டு அந்நகருக்கு 1 கோடியே 68 இலட்சம் வெளிநாட்டார் வந்தனர். அதுவரை காணாத எண்ணிக்கை அது. அதில் ஒலிம்பிக்கின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது எளிதன்று. ஏனெனில், லண்டனை அறிமுகப்படுத்த ஒலிம்பிக் தேவையில்லை. அறியப்படாத அழகிய ஊருக்கு விழா தரும் வெளிச்சம், ஏற்கெனவே வெளிச்சத்தில் இருக்கும் ஊருக்குக் கிடைப்பதில்லை.

நம் கோலாலம்பூர்

1998ஆம் ஆண்டு செப்டம்பர் 11 முதல் 21 வரை கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் பந்தயங்கள் நடைபெற்றதை நம்மிற் பலர் நேரில் கண்டிருக்கிறோம். ஆசியாவில் அப்பந்தயங்கள் நடந்தது அதுவே முதன்முறை. 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் ஜி. சரவணன் தங்கம் வென்றதை நம் மக்கள் எளிதில் மறவார்.

சுற்றுப்பயணக் கணக்கு என்ன சொல்கிறது? 1996ஆம் ஆண்டு மலேசியாவுக்கு வந்தோர் 71 இலட்சம். 1997இல் 62 இலட்சம். விழா நடந்த 1998இல் 56 இலட்சம். 1999இல் 79 இலட்சம். 2000ஆம் ஆண்டில் 1 கோடியே 2 இலட்சம்.

1998ஐ மட்டும் பார்ப்பவர், "விழா நடத்தியும் குறைந்துவிட்டதே" என்பார். 2000ஐ மட்டும் பார்ப்பவர், "விழாவினால் இரட்டிப்பாயிற்று" என்பார். இருவரும் அவசரக்காரர். 1997இல் புகைமூட்டம் நாட்டை மூடிற்று. அவ்வாண்டே ஆசிய நாணய நெருக்கடியும் வந்து, அண்டை நாட்டாரின் கைகளைக் கட்டிப்போட்டது. 1998 செப்டம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று நம் நாணய மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. அதனால் வெளிநாட்டாருக்கு நம் நாடு மலிவாயிற்று. 1999இல் 'மலேசியா ட்ரூலி ஏசியா' என்னும் விளம்பரமும் உலகெங்கும் புறப்பட்டது. இத்தனை காரணங்களுக்கு நடுவே விழாவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அதுவே காரணம் என்று கூற இடமில்லை.

ஆனால் கண்ணால் காணக்கூடிய பயன் ஒன்று உண்டு. விழாவை முன்னிட்டுப் புக்கிட் ஜாலில் வழியாக நீட்டப்பட்ட இலகு இரயில் பாதை இன்றும் நாள்தோறும் மக்களை ஏற்றிச் செல்கிறது. வீரர் தங்கிய அடுக்குமாடிகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. தேசிய அரங்கம் இன்றும் பயன்படுகிறது. அதே ஆண்டு ஜூன் மாதம் சிப்பாங்கில் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் விழாவுக்காக மட்டும் கட்டியதன்று. ஆயினும் பின்னர் வந்த பயணிகளை வரவேற்ற வாசல் அதுவே.

ஆண்டுதோறும் வரும் பந்தயம்

ஒருமுறை வரும் விழாவைப் போலன்றி, ஆண்டுதோறும் வரும் பந்தயமும் உண்டு. சிப்பாங்கில் 1999 முதல் 2017 வரை பார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடந்தது. நடத்தும் கட்டணம் ஏறிற்று; சீட்டு விற்பனை இறங்கிற்று; ஆகவே அரசாங்கம் நிறுத்திக்கொண்டது.

சிங்கப்பூர் 2008ஆம் ஆண்டு தொடங்கிற்று. அது பார்முலா ஒன் வரலாற்றில் முதல் இரவுப் பந்தயம். சிப்பாங் பந்தயத்திடல் தலைநகரிலிருந்து தொலைவில் உள்ளது. சிங்கப்பூரிலோ மரினா பே தெருக்களே பந்தயத்திடல். வண்டி ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் நகரத்தின் விளக்கொளி தொலைக்காட்சியில் தெரிகிறது. பார்சிலோனாவின் நீர்ப்பாய்ச்சற் குளம் செய்த வேலையை அங்கே தெருக்கள் செய்கின்றன.

2022ஆம் ஆண்டு ஜனவரியில், பந்தய ஒப்பந்தத்தை மேலும் ஏழாண்டு நீட்டித்தபோது, அதுவரை ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டார் அதற்கென வந்தனர் என்றும், ஏறத்தாழ 150 கோடி சிங்கப்பூர் வெள்ளி கூடுதல் சுற்றுப்பயண வருவாய் கிடைத்தது என்றும் சிங்கப்பூர் அதிகாரிகள் தெரிவித்தனர். 2008 முதல் 2019 வரை நடந்த பந்தயங்கள் 12. வகுத்துப் பார்த்தால், ஒரு பந்தயத்துக்குப் பன்னிரண்டரைக் கோடி வெள்ளி. ஒரு பந்தயத்தை நடத்தும் செலவோ தொடக்கத்தில் 15 கோடி வெள்ளி அளவில் இருந்தது. பின்னர் ஓரளவு குறைந்தது. அதில் நூற்றுக்கு 60 பங்கை அரசாங்கமே ஏற்கிறது. ஆகவே, பயணிகள் செலவிடும் பணம் நடத்தும் செலவை ஒட்டியே நிற்கிறது. நகரத்தின் பெயர் பரவுவதும், அப்பந்தயத்தைச் சாக்காக வைத்து வியாபார மாநாடுகள் கூடுவதும்தான் தராசுத் தட்டைத் தாழ்த்துகின்றன. அதே வேளையில், சாலைகள் அடைக்கப்படும் நாட்களில் வியாபாரம் படுத்துவிடுகிறது என்று பந்தயத்திடலுக்கு அருகிலுள்ள கடைக்காரர்கள் குறைப்பட்டதும் உண்டு.

வெற்றியின் மறுபக்கம்

இனி, மீண்டும் பார்சிலோனாவுக்குச் செல்வோம். வெற்றி அளவு மீறினால் என்ன ஆகும் என்பதையும் அந்நகரமே காட்டுகிறது.

2019ஆம் ஆண்டு அங்கு விடுதிகளில் மட்டும் 90 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தங்கினர். நகரத்தின் மக்கள்தொகையோ 16 இலட்சம் அளவே. காடியின் புகழ்பெற்ற பூங்காவுக்குள் அக்கம்பக்கத்தார் நுழைய முடியாத அளவுக்குக் கூட்டம் சேர்ந்ததால், 2013ஆம் ஆண்டு முதல் அதன் முக்கியப் பகுதிக்குக் கட்டணம் விதித்தனர். வீட்டுக்காரர்கள் குடித்தனக்காரரை விடுத்து, நாள் வாடகைக்கு வரும் பயணிகளுக்கு வீட்டை விடலாயினர். பத்தாண்டுகளில் வாடகை நூற்றுக்கு 68 உயர்ந்தது என்று மேயர் ஜாவ்மே கொல்போனி 2024ஆம் ஆண்டு ஜூனில் கூறி, பயணிகளுக்கு விடப்படும் 10,101 வீடுகளின் உரிமங்களையும் 2028ஆம் ஆண்டு நவம்பருக்குள் ஒழிக்கப்போவதாக அறிவித்தார். அடுத்த மாதம், எதிர்ப்பு ஊர்வலம் சென்ற நகரமக்கள் சிலர், உணவுக்கடைகளில் அமர்ந்திருந்த பயணிகள் மீது விளையாட்டுத் துப்பாக்கிகளால் நீரைப் பீய்ச்சினர்.

1992ஆம் ஆண்டு உலகை வருக வருக என்று அழைத்த நகரம் அது! அம்மக்கள் விருந்தோம்பலை மறந்தவர்கள் என்று கூறுதல் பொருந்தாது. விருந்தினரால் வரும் இலாபம் ஒருவருக்கும், விருந்தினரால் வரும் தொல்லை வேறொருவருக்கும் போய்ச் சேர்ந்ததே அவர்கள் சினத்துக்குக் காரணம். சுற்றுப்பயண வருமானம் எவ்வளவு என்று கேட்பதோடு, அது யாருக்கு என்றும் கேட்க வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து, ஒரு நகரம் விழாவை ஏற்குமுன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு தெளிவாகின்றன.

ஒன்று: உலகம் இன்னும் அறியாத, ஆனால் காணத்தக்க பொருள் நம்மிடம் உண்டா? உண்டெனில் விழா அதை வெளிச்சமிட்டுக் காட்டும். இல்லையெனில் வெளிச்சம் வெற்றிடத்தையே காட்டும்.

இரண்டு: விழா நடக்காவிட்டாலும் நாம் கட்டியே தீரவேண்டியவற்றைத்தான் கட்டுகிறோமா? இரயில், வடிகால், குடியிருப்பு என்றால் செலவு வீணாகாது.

மூன்று: விழா முடிந்த மறுநாள் வேலையைத் தொடர அமைப்பும் பணமும் ஒதுக்கப்பட்டுள்ளனவா?

நான்கு: வரும் வருவாய் சிறு கடைக்காரருக்கும் சாதாரணக் குடிமக்களுக்கும் சென்று சேர வழி உண்டா?

இக்கேள்விகளை வைத்துப் பார்த்தால், 2024ஆம் ஆண்டு நம் அரசாங்கம் எடுத்த முடிவு சுற்றுப்பயணத்தைப் பொறுத்தவரை சரியான முடிவே என்பது என் கருத்து. கோலாலம்பூர் இன்று உலகம் அறியாத ஊரன்று. கையில் இருந்ததோ இரண்டு ஆண்டுக்கு மேல் சற்றே அதிகமான காலம். அக்காலத்துக்குள் ஊருக்கு நிலைத்து உதவும் பொருள் எதையும் புதிதாகத் திட்டமிட்டு முடிக்க இயலாது. அவசரச் செலவுகள் மட்டுமே மிஞ்சியிருக்கும். அப்பந்தயங்களைப் பின்னர் ஏற்றுக்கொண்ட ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரமும், விளையாட்டுகளைப் பத்தாகக் குறைத்து, முன்னரே உள்ள நான்கு இடங்களில் அடக்கியே திட்டம் வகுத்தது என்பதை நினைவிற்கொள்ளுதல் நலம்.

ஆனால் விழா என்றாலே வேண்டாம் என்று கதவடைப்பதும் அறிவுடைமையன்று. 2027ஆம் ஆண்டுத் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் பொறுப்பு நம் நாட்டுக்கு உரியது. தலைநகரோடு சரவாக் முதலிய இடங்களுக்கும் அதில் பங்கு உண்டு. அயல்நாட்டார் அவ்வளவாக அறியாத ஆறும் காடும் உணவும் கலையும் அங்கே ஏராளம். கோலாலம்பூருக்குப் பெரிதாகக் கிடைக்காத அறிமுகம் அவ்வூர்களுக்குக் கிடைக்கக்கூடும். பழைய அரங்குகளைச் செப்பனிட்டு, மிச்சமாகும் பணத்தைச் சாலைக்கும் நடைபாதைக்கும் தூய்மைக்கும் செலவிட்டு, போட்டி முடிந்த பின்னும் அழைப்பைத் தொடர்ந்தால், பயன் பல ஆண்டு நிற்கும்.

விழாவின் பெருமையைப் பதக்கப் பட்டியலால் அளப்பர். அதன் பயனை அளக்க வேறொரு கோல் வேண்டும். பந்தயம் முடிந்து பத்தாண்டு கழித்து அவ்வூரில் வாழும் ஒரு சாதாரணக் குடும்பம், "அந்த விழாவினால் எங்களுக்கு இது கிடைத்தது" என்று எதைச் சுட்டிக் காட்டுகிறதோ, அதுவே அக்கோல். நகரமன்றத்தாரும் அமைச்சர்களும் அதைக் கையில் வைத்துக்கொண்டு திட்டமிடுவார்களாக.